"உப்பு எங்க சார்?"



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். கணக்கு வாத்தியார்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

பணி ஓய்வு பெற்ற ஆண்டு மகள் ஒரு கேமரா வாங்கித் தந்தாள். "சும்மா டிவி முன்னாடி உட்காராதீங்கப்பா, நாலு இடம் போய்ப் படம் எடுங்க" என்றாள். நானும் கோயில், கொக்கு, சூரியோதயம் என்று எல்லாரும் எடுப்பதை எடுத்து இங்கே போட்டுவந்தேன். நீங்களும் பெரிய மனது பண்ணி லைக் போட்டீர்கள்.

படங்களைக் கணினியில் திருத்தப் பழகியபோதுதான் மூலையில் ஒரு மலை மாதிரி வரைபடம் இருப்பதைப் பார்த்தேன். அடடா, நம்ம ஹிஸ்டோகிராம்! பாடப்புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று 34 ஆண்டுகள் நடத்தினேனே, அதேதான். கார்ல் பியர்சன் என்ற புள்ளியியல் அறிஞர் 1890-களில் இந்தப் பெயரை வைத்தார். கிடைமட்டக் கோட்டில் மதிப்பு, செங்குத்துக் கோட்டில் எண்ணிக்கை. இது எனக்குத் தெரியாததா என்று நினைத்து, அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்தத் திமிர்தான் இந்தப் பதிவின் தொடக்கம்.

தூத்துக்குடியில் என் பழைய மாணவன் ஒருவன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, ஆல்பம், பிரேம் எல்லாம் செய்வான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் "அவன்னே எழுதுங்க சார், அதுதான் நல்லாருக்கு" என்று அவனே சொல்லிவிட்டான். மெமரி கார்டு வாங்கப் போன இடத்தில், உப்பளத்தில் படம் எடுக்க ஆசை என்று சொன்னேன். "எங்கம்மா இன்னும் அளத்துக்குத்தான் போறாங்க சார். வேண்டாம்னாலும் கேக்க மாட்டாங்க. வாங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

போனது ஏப்ரல் மாதம், காலை பத்தரை மணி. உப்பளத்தை வெயிலில் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன். வருடக்கணக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே கண் கெட்டுப்போனவர்கள் அங்கே உண்டு. அந்த அம்மா சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் சிவப்புத் துண்டு கட்டி, நீளக் கம்பு வைத்த பலகையால் பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்தார். பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்.

முதல் படம் எடுத்ததும் திரையில் பார்த்தேன். முகம் கரிக்கட்டை மாதிரி இருந்தது. கேமராவுக்கு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் நினைப்பு. ஊரே வெள்ளையாக இருந்தால், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று பயந்து படத்தை இருட்டாக்கிவிடும். இது எனக்குத் தெரியும். அதனால் வெளிச்ச அளவை இரண்டு படி கூட்டினேன். முகம் பளிச்சென்று வந்தது. கண்ணோரச் சுருக்கம், நெற்றி வியர்வை எல்லாம் தெளிவு. பத்துப் படம் எடுத்தேன். திரையில் ஏதோ விட்டு விட்டு கறுப்பாக மினுங்கியது. கேமராவில் ஏதோ கோளாறு என்று அந்த எச்சரிக்கையையே அணைத்துவிட்டேன்.

நல்ல படம் ஒன்றைப் பெரிதாக அச்சுப் போட்டு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"நல்லா இருக்கு சார். ஆனா உப்பு எங்க சார்?"

பின்னால் இருப்பதைக் காட்டினேன். இந்தக் குவியல்தானேம்மா என்றேன்.

"இது என்ன சார், பஞ்சு மாதிரி, பேப்பர் மாதிரி இருக்கு. உப்புன்னா மணி மணியா தெரியணுமில்ல. வாரின தடம் இருக்கணுமில்ல. நான் என்னமோ வெறும் இடத்துல கம்பு வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

குறை சொல்லும் தொனியே இல்லை. உள்ளதைச் சொன்னார். நாற்பது வருடம் அவர் கை வாரிய உப்பு, நான் எடுத்த படத்தில் இல்லை.

அன்று சாயங்காலமே ஸ்டூடியோவுக்குப் போனேன். அவன் என் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், ஹிஸ்டோகிராம் பாத்தீங்களா?" என்றான்.

"நிகழ்வுச் செவ்வகத்தையா எனக்குச் சொல்லித் தரப்போற?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் சொல்லித் தந்தான். அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால், ஒரு படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். அத்தனை பேர் பரீட்சை எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் 0 முதல் 255 வரை மதிப்பெண். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் அந்த மலை. இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். படம் அழகா இல்லையா என்று அது சொல்லாது. மலை நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. உப்பளத்தின் மலை வலப்பக்கம்தான் இருக்கும், இரவுத் தெருவின் மலை இடப்பக்கம்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டு ஓரங்களையும். அங்கே இரண்டு சுவர்கள் இருக்கின்றன.

என் படத்தின் மலை வலப்பக்கச் சுவரில் மோதி, ஊசி மாதிரி உச்சி வரை ஏறியிருந்தது. வரைபடத்தின் மேல்மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தை அவன் அழுத்தினான். (லைட்ரூம் வைத்திருப்பவர்கள் ஜே விசையைத் தட்டினாலும் போதும்.) உப்புக் குவியல் முழுக்க ரத்தச் சிவப்பானது. சிவப்பான இடமெல்லாம் சுவரில் மோதிய இடம். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள், அதாவது வெட்டுப்படுதல். கேமராவில் கறுப்பாக மினுங்கியதும் இதே எச்சரிக்கைதான். நான்தான் அதை அணைத்துவிட்டேன்.

"பாத்தியில தண்ணி கட்டற மாதிரி சார்" என்றான். "வரப்பு வரைக்கும் எவ்வளவு நின்னதுன்னு அளக்கலாம். வரப்பு தாண்டிப் போனா ஒரு குடம் போச்சா ஒன்பது குடம் போச்சான்னு யாருக்குத் தெரியும்? எல்லாப் பாத்தியும் ரொம்பியிருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

எனக்கு உடனே பிடிபட்டது. "நூத்துக்கு நூறு மாதிரி" என்றேன். வகுப்பில் இரண்டு பேர் நூறு வாங்கினால், இருவரில் யார் இன்னும் கெட்டி என்று அந்த வினாத்தாள் சொல்லாது. ஒருவன் நூறோடு நின்றிருப்பான், இன்னொருவன் இருநூறுக்குக் கேட்டாலும் எழுதியிருப்பான். தாளின் எல்லை நூறு. அதற்கு மேல் இருந்த வேறுபாடு எங்கும் பதிவாகவில்லை. உப்பு மணிக்கும் மணிக்கும் நடுவில் இருந்த சின்னச் சின்ன வேறுபாடுதான் "மணி மணியாக" நம் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லா மணியும் 255 ஆகிவிட்டால் பஞ்சுதான், பேப்பர்தான். அந்த அம்மா ஹிஸ்டோகிராம் பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

"அப்ப அவ்வளவுதானா?" என்றேன்.

"ரா எடுத்திருக்கீங்க சார். பாப்போம்."

இது முக்கியம். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே வைத்துக்கொள்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். கேமராவின் பின் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக்குக்கு உரியது. மாறுபாடெல்லாம் கூட்டிய பிறகு வரைவது. அதனால் ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்போதே, அது சுவரில் மோதிவிட்டதாகக் காட்டும். மென்பொருளில் தெரியும் வரைபடமும் அந்த நேரத்தில் ஸ்லைடர்கள் எங்கே நிற்கின்றனவோ அதற்கு ஏற்பத்தான் இருக்கும். ஆகவே திரையில் சிவப்பு தெரிந்தாலே எல்லாம் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை சுலபம். எக்ஸ்போஷரைக் கீழே இறக்குங்கள். ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடப்பக்கம் இழுங்கள். உள்ளே விவரம் இருந்தால் எழுந்து வரும். இல்லையென்றால் வெள்ளையாக இருந்த இடம் தட்டையான சாம்பலாக மாறும், அவ்வளவுதான்.

அவன் இறக்கினான். குவியலின் நிழல்பக்கத்தில் உப்பு மணிகள் வந்தன. பாத்தி ஓரத்தில் பலகை இழுத்த கோடுகள் நாலைந்து வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வெயில் நேராக விழுந்த பக்கம், குவியலில் பாதிக்கு மேல், சாம்பல் பூசிய சுவராகத்தான் நின்றது. நடுவில் ஓரிடத்தில் லேசான ரோஸ் நிறம். அதற்கும் காரணம் சொன்னான். கேமராவின் சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் சிவப்புக்கு, கால் நீலத்துக்கு. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் நிரம்பும். பச்சை மட்டும் நிரம்பிய இடத்தில் சிவப்பையும் நீலத்தையும் வைத்து மென்பொருள் ஊகிக்கலாம். ஊகம் தவறினால் ரோஸ் நிறம் எட்டிப் பார்க்கும். மூன்றும் நிரம்பிவிட்டால் ஊகிக்கவும் ஒன்றும் இல்லை.

"வேணும்னா வேற படத்துலேர்ந்து உப்பை எடுத்து ஒட்டிரலாம் சார். யாருக்கும் தெரியாது" என்றான்.

"உங்கம்மாவுக்குத் தெரியும்" என்றேன். இருவரும் அதை விட்டுவிட்டோம்.

டீ வந்தது. குடித்துக்கொண்டே கேட்டேன்: "நல்லா விளக்குறியேப்பா. வகுப்புல இந்தப் பாடத்துல நீ எப்படி?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "எச்.எம். ரூம்ல நீங்க ஒரு சார்ட் தொங்கவிடுவீங்களே சார், ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு பரீட்சைக்கும் வரைவீங்க. கலர் கலரா கம்பம்."

எப்படி மறப்பேன்? என் பெருமையே அதுதான். 90-100 ஒரு கம்பம், 80-90 ஒன்று, 70-80 ஒன்று என்று இறங்கி வந்து 35-இல் முடியும். கடைசியாக இடது ஓரத்தில் "35க்குக் கீழ்" என்று ஒரே ஒரு சிவப்புக் கம்பம்.

"அந்தச் சிவப்புக் கம்பத்துக்குள்ளதான் சார் நான் இருந்தேன். காலாண்டுல 9 மார்க். அப்புறம் ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன். அரையாண்டுல 31. ஓடிப்போய் சார்ட்டைப் பாத்தேன். அதே கம்பம். 9 வாங்கினப்பவும் அதுதான், 31 வாங்கினப்பவும் அதுதான். தை பொறந்ததும் அளம் தொடங்கிருச்சு. அம்மாகூட வேலைக்குப் போயிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவன் அம்மா "உப்பு எங்க சார்" என்று கேட்ட அதே குரல்.

என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை.

பிரிவு இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டால் அப்படியே வரையக் கூடாது, இடைவெளிக்குத் தக்கபடி உயரத்தைத் திருத்த வேண்டும், பரப்புதான் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! நானே மேலே பத்துப் பத்தாகப் பிரித்துவிட்டு, கீழே 35 மதிப்பெண்ணை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறேன். பாஸ் எத்தனை, ஃபெயில் எத்தனை என்றுதான் மேலே கேட்பார்கள். நானும் அதை மட்டும் பார்த்தேன். மூன்றே மாதத்தில் 22 மதிப்பெண் ஏறிய பையனை நான் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏனென்றால் எனக்கு அது தெரியவே இல்லை. விடைத்தாளில் 31 போட்டது இந்தக் கைதான். ஆனாலும் தெரியவில்லை. நான் வைத்த சுவரில் மோதி அந்த 22 மதிப்பெண்ணும் வெட்டுப்பட்டுப் போனது.

"தப்பு பண்ணிட்டேன்பா" என்றேன்.

"அட விடுங்க சார். 40 பேப்பர் திருத்தறது லேசா? நான் இப்ப நல்லாத்தான இருக்கேன்" என்று என்னைத் தேற்றினான். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. அதற்காகத்தான் அவனிடம் அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் உப்பளத்துக்குப் போனோம். இந்த முறை காலை ஆறரை மணிக்கு. கோடையில் அவர்கள் விடியும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நான் போனபோது அந்த அம்மா பாதி வேலையை முடித்திருந்தார். அன்று என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் வெட்டுப்பட்டால் மினுங்கும் எச்சரிக்கையைத் திரும்பப் போட்டேன். ஐஎஸ்ஓ 100. ஒரு படம் எடுத்து வரைபடத்தைப் பார்த்தேன். மலையின் வலது அடிவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. வெளிச்சத்தை மூன்றில் ஒரு படி வீதம் கூட்டினேன். உப்பில் எங்கோ ஒரு புள்ளி மினுங்கத் தொடங்கியதும் ஒரு படி பின்வாங்கினேன். சுவரைத் தொடாமல், சுவருக்குப் பக்கத்தில்.

சுவரை விட்டு வெகுதூரம் விலகி, இருட்டாகவே எடுத்துவிட்டால் என்ன? அதுவும் நட்டம். சென்சார் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. 16,384 படிகளில் பாதி, அதாவது 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரு ஸ்டாப்புக்கே போய்விடுகிறது. அடுத்ததுக்கு 4,096, அதற்கடுத்து 2,048. இருட்டுப் பக்கம் போகப்போக கையில் இருப்பது சொற்பம். அதை இழுத்து வெளிச்சமாக்கினால் மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக வரும்.

மூன்று நிறங்களின் வரைபடங்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். மொத்த வரைபடம் சரியாக இருந்தும், சிவப்பு மட்டும் சுவரில் மோதியிருக்கலாம். அந்த அம்மாவின் தலைத்துண்டில் அதுதான் நடக்கப் பார்த்தது. செம்பருத்தி, குங்குமம், பட்டுச்சேலை எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எவர்சில்வர் குடத்தில் சூரியன் பட்டுத் தெறிக்கும் பொட்டு வெள்ளையாகப் போனால் போகட்டும், அதற்குள் யாரும் எதையும் தேடப்போவதில்லை. வெள்ளைச் சேலையின் மடிப்பு, மேகம், உப்பு, இவை போகக் கூடாது.

கேமராத் திரையில் அவர் முகம் இருட்டாகத்தான் தெரிந்தது. பயப்படவில்லை. ஸ்டூடியோவில் ரா கோப்பைத் திறந்து நிழல்களை உயர்த்தினோம். முகம் வந்தது. கன்னத்தில் கொஞ்சம் புள்ளி தட்டியது, இருக்கட்டும் என்று விட்டோம். உப்பு அப்படியே இருந்தது. பணம் கட்டி மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வேலை எல்லாம் அவற்றிலும் நடக்கும்.

புதுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உப்பைப் பார்த்தார். ஒரு விரலை வைத்துப் பாத்தியின் ஓரமாகவே இழுத்துக்கொண்டு போனார்.

"இது நான் வாரினது. இந்தா, இது பக்கத்துப் பாத்தி. அவ கை வேற, பலகையை அழுத்தி இழுப்பா."

பழைய படத்தை எடுத்துக்கொண்டு போகவா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், அதுல மூஞ்சி நல்லாருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து பரணில் இருந்த பழைய டைரிகளை இறக்கினேன். மதிப்பெண்களை என் டைரியிலும் குறித்து வைப்பது வழக்கம். அந்த ஆண்டின் டைரி கிடைத்தது. ஒரு வரைபடத் தாள் வாங்கி வந்து, "35க்குக் கீழ்" என்ற கம்பத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து, காலாண்டுக்கு ஒன்றும் அரையாண்டுக்கு ஒன்றுமாக வரைந்தேன். ஒரு கம்பம் ஏழு கம்பங்கள் ஆனது. 4 வாங்கியவன் இருக்கிறான், 34 வாங்கியவள் இருக்கிறாள். அவனைத் தேடினேன். காலாண்டில் இரண்டாவது கம்பம். அரையாண்டில் ஏழாவது கம்பம். ஏழாவதுக்கு அப்புறம் பாஸ்.

அந்தத் தாளைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். வலப்பக்கச் சுவரைத் தொடாமல்தான் எடுத்தேன்.

இன்னும் பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பரீட்சைக்கு மார்க் சார்ட் வரைந்தால், அந்தக் கடைசிக் கம்பத்தையும் பிரித்து வரையுங்கள்.